உறைக்குள் எட்டு சதவீதம்

ஜூன் 12, புதன்

இந்த டைரியின் முதல் ஐந்து மாதங்களை மதி எடுத்துக்கொண்டுவிட்டாள். ஜனவரி முழுக்க வேதியியல் சமன்பாடுகள். பிப்ரவரியில் ஒரு பூனை. மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணி எண்ணி அடித்த கோடுகள். பதினொன்றாம் வகுப்புக்குப் புது நோட்டுகள் வந்ததும், "மிச்சம் உனக்கும்மா" என்று கொடுத்துவிட்டாள். மிச்சத்தில் எழுதுகிறேன்.

எழுதக் காரணம் உண்டு. இன்று மதியம் அருளப்பன் சார் கூப்பிட்டார். எங்கள் கோட்பாட்டுப் பிரிவின் தலைவர்.

"பூங்கோதை, பீம் டைம் ஆறு வாரம் முன்னாடியே கெடச்சிருச்சு. திங்கக்கிழமை அளக்க ஆரம்பிக்கிறாங்க."

"உறை, சார்?"

"அதான் கேக்கறேன். ரெடியா?"

பீம் டைம் என்றால் நியூட்ரான் கற்றையில் அளப்பதற்கு ஒதுக்கப்படும் நேரம். உறை எங்கள் பிரிவின் ஒரு வழக்கம். பரிசோதனைக் குழு ஒன்றை அளக்கும் முன், கோட்பாட்டுக்காரர் தன் முன்கணிப்பைக் கையால் எழுதி, உறையில் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தின் மீது கையெழுத்துப் போட்டு, அலுவலகச் செயலர் வசந்தகுமாரி மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார். அளவீடு முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் முதலில் உறையைத் திறப்பார்கள், பிறகு அளந்ததைக் காட்டுவார்கள். முடிவு தெரிந்த பிறகு கணக்கைச் சரிசெய்துகொண்டு, முன்பே சொன்னேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

கடைசிச் சரிபார்ப்பு பாக்கி என்றேன். யோசித்துவிட்டு, அளவீடு முடியும் நாளான ஜூலை 26 வரை அவகாசம் கொடுத்தார்.

"ஆனா அதுவரைக்கும் அவங்க டேட்டா ஒரு துளிகூட உன் கண்ணுல படக்கூடாது. சொல்லிட்டேன்."

"படாது சார்."

"எப்படிம்மா படாது? அளக்கறது உன் வீட்டுக்காரர்!"

ஜூன் 14, வெள்ளி

வந்துவிட்டது. எட்டு சதவீதம்.

யுரேனியம் 233-இன் ஒவ்வொரு பிளவிலும் உடனடியாக வெளிவரும் காமா கதிர்களின் மொத்த ஆற்றல், எல்லோரும் பயன்படுத்தும் பழைய அட்டவணையில் உள்ளதைவிட எட்டு சதவீதம் அதிகம் என்கிறது என் நிரல். இருபது லட்சம் பிளவுகளைக் கணினியில் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்துச் சொன்ன எண். மாலை நாலேகாலுக்கு அச்செடுத்தேன். தேதியும் நேரமும் தாளின் ஓரத்திலேயே விழுந்திருக்கின்றன. நீலக் கோப்பில் வைத்தேன்.

பத்தொன்பது ஆண்டுகள் மற்றவர்களின் கணக்கைச் சரிபார்த்திருக்கிறேன். அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் வரியில் என் பெயர் இருக்கும், சில சமயம் தலைப்பெழுத்து தவறாக. இந்த நிரலை மட்டும் ஆறு ஆண்டுகளாக, முதல் வரியிலிருந்து நானே எழுதினேன். இதன் உறையில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.

நாளைக்கே ஒட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஆறு வாரம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மெருகேற்றினால் என்ன?

ஜூன் 16, ஞாயிறு

இன்று வீட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஜூலை 26 வரை திருமாறனும் நானும் வேலை பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. காமா, கற்றை, உணரி, வரைகோடு, எதுவும். இருபது வருடத் திருமணத்தில் நாங்கள் வேறு என்னதான் பேசியிருக்கிறோம் என்று அப்போதுதான் யோசித்தேன்.

நடுவர் மதி. யாராவது வாய் தவறினால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள்.

"அப்பா, நாளைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?"

"ஏழு மணிக்கு. டிடெக்டரை எல்லாம் ஒரு தடவை..."

டங்.

"நீதானடி கேட்ட!"

"நேரத்தைத்தான் கேட்டேன். டிடெக்டரைக் கேட்டேனா?"

ஜூன் 17, திங்கள்

அளவீடு தொடங்கியது. இந்த டைரியில் இனி அவரைப் பரிசோதனைக் குழு என்றே குறிப்பிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். கணவர் என்று எழுதினால் கை தானாக வேறு எதையாவது எழுதிவிடும்.

பரிசோதனைக் குழு காலையில் ஆறு இட்லி சாப்பிட்டது.

ஜூன் 20, வியாழன்

பரிசோதனைக் குழு குளிக்கும்போது பாடியது. குரல் நன்றாக இல்லை. ஆனால் முழுப் பாட்டும் பாடியது.

ஜூன் 25, செவ்வாய்

குடியிருப்பில் காலையிலிருந்து தண்ணீர் வரவில்லை. அலுவலகத்துக்கு அரை மணி தாமதம். நிரலில் சிறு மாற்றங்கள், எண் அசையவில்லை. எட்டு எட்டாகவே நிற்கிறது. மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம்.

பரிசோதனைக் குழு ரசம் இரண்டாம் முறை கேட்டது.

ஜூலை 1, திங்கள்

சாயங்காலம் மதிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, நீ என்ன கணக்கு போடறன்னு எனக்காவது சொல்லு. நான் எந்தக் குழுவும் இல்லை."

அவர் இன்னும் வந்திருக்கவில்லை. சொன்னேன். ஒரு நியூட்ரான் யுரேனியம் அணுக்கருவுக்குள் புகுந்ததும் அது இரண்டாகப் பிளக்கிறது. இரண்டு துண்டுகளும் கொதிக்கிற சூட்டோடு, பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே ஆளுக்கொரு பக்கம் பறக்கின்றன. முதலில் சில நியூட்ரான்களை உதிர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. மீதமுள்ள ஆற்றலும் சுழற்சியும் காமா கதிர்களாக வெளியேறுகின்றன. பிரியும்போது எவ்வளவு வேகமாகச் சுழன்றன என்று யாரும் நேரில் பார்த்ததில்லை. அதிகம் சுழன்றால் காமாவும் அதிகம்.

"அப்ப எவ்ளோ சுத்துதுன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. யுரேனியம் 235-ஐ உலகம் முழுக்க நன்றாக அளந்திருக்கிறார்கள். அதற்குச் சரியாகப் பொருந்திய சுழற்சி விதியை, ஒரு எழுத்துகூட மாற்றாமல் 233-க்குக் கொண்டுவந்தேன். என் நிரலின் கௌரவமே அந்த ஒரு எழுத்துகூட மாற்றாமல் என்பதில்தான் இருக்கிறது.

"இது எதுக்கு யூஸ் ஆகும்?"

புதிய உலை ஒன்றின் வடிவமைப்பு நடக்கிறது. அதன் மையத்தைச் சுற்றியுள்ள எஃகுப் பாகங்களில் எரிபொருள் கிடையாது; அவை சூடாவது பெரும்பாலும் காமா கதிர்களால்தான். எட்டு சதவீதம் கூடுதல் என்றால் குளிர்விக்கும் வழிகளை அகலப்படுத்த வேண்டும். வரைபடங்கள் செப்டம்பரில் முடிவாகின்றன. என் கணிப்பு அளவீட்டோடு பொருந்தினால் இந்த நிரலைக் கொண்டு மற்ற எரிபொருள்களுக்கும் கணக்கிடச் சொல்வார்கள். பொருந்தாவிட்டால் நிரல் அலமாரிக்குப் போகும். வெளிநாட்டு நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அருளப்பன் சார் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

மதி தலையைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, "பின்னலை இறுக்காதம்மா, வலிக்குது" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

பரிசோதனைக் குழு ஒரே ஒரு தோசையோடு எழுந்துவிட்டது. கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு. ஹாலில் இருந்த எனக்கே கேட்டது.

தோசை நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 10, புதன்

சுழற்சி விதியை மறுபடி யோசித்தேன். 235-க்குப் பொருந்தியது 233-க்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்று என்ன கட்டாயம்? 233 சற்று இலேசானது. துண்டுகளின் சுழற்சியைக் கொஞ்சம் குறைத்து எடுப்பதில் தவறில்லை. பழைய கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில்கூட இப்படி ஒரு சாத்தியம் சொல்லப்பட்டிருக்கிறது. குறைத்து ஓட்டினேன். ஆறரை சதவீதம்.

முற்றிலும் பௌதீகக் காரணம்தான்.

ஜூலை 11, வியாழன்

அருளப்பன் சாரிடம் ஆறரை என்றதும் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, இப்பதான் வழிக்கு வர்ற. எட்டுங்கறது ரொம்ப ஜாஸ்திம்மா. இத்தனை வருஷம் ஊரே யூஸ் பண்ற டேபிள் அது. நாலு, அஞ்சுன்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

"கணக்கு சொல்றதைத்தானே சார் எழுத முடியும்?"

"கணக்கு நாம சொல்றதைத்தான் சொல்லும். எனக்குத் தெரியாதா!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஜூலை 15, திங்கள்

மதியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணித ஆசிரியை மதியைப் பாராட்டிக்கொண்டிருந்தார். பரிசோதனைக் குழு மேலே சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தது. "உங்க கருத்து என்ன சார்?" என்று ஆசிரியை கேட்டபோது, "பேக்கிரவுண்ட் அதிகமா இருக்கலாம்" என்றது.

கரண்டி கையில் இல்லாததால் மதி நாற்காலியைத் தட்டினாள்.

ஜூலை 16, செவ்வாய்

சுழற்சியை இன்னும் சிறிது குறைத்ததில் ஐந்து சதவீதம் வருகிறது. அருளப்பன் சாரிடம் காட்டினேன். "இதை எழுதிரு" என்றார்.

மழை வரும்போல இருக்கிறது. கொடியில் துணி எடுக்க வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

ஐந்து நல்ல எண். வரைகோடு அழகாக இருக்கிறது. பழைய அட்டவணைக்கும் அருகில், அதே சமயம் புதிதாகவும் ஏதோ சொல்கிறது.

ஆனால் இதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றவில்லை. களைப்பு என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

மதியம் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். அவர் கை கழுவப் போனதும் மதி சொன்னாள்:

"அம்மா, நான் சாப்பிட்டேனா இல்லையான்னு ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கியா?"

"எப்படி?"

"அப்பாவைப் பாக்கற மாதிரி. அவர் எத்தனை அப்பளம் எடுத்தாருன்னு கேளு, நீ சொல்லுவ. நான் எத்தனைன்னு கேளு."

"நீ... ரெண்டு."

"ஒண்ணுகூட எடுக்கலை. எனக்கு வாயில புண்ணு. காலையிலயே சொன்னேன்."

அவளுக்குத் தயிர் சாதம் பிசைந்து கொடுத்தேன். பாத்திரம் தேய்த்தேன். அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பை இன்னொரு முறை துடைத்தேன். பிறகு இந்த டைரியை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தேன்.

ஜூன் 17-இலிருந்து படித்தேன்.

இட்லி ஆறு: எட்டு சதவீதம். பாட்டு: எட்டு. இரண்டாம் முறை ரசம்: எட்டு. ஒரு தோசையும் பெருமூச்சும்: மறுநாள் ஆறரை. பெற்றோர் கூட்டத்தில் கூரையைப் பார்த்தார்: மறுநாள் ஐந்து.

வேறொருவர் தன் ஆய்வேட்டில் இப்படி ஒரு தொடர்பைக் காட்டியிருந்தால், ஐந்து நிமிடத்தில் நான் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன். பத்தொன்பது ஆண்டுகள் அதுதானே என் வேலை? பரிசோதனைக் குழுவின் தலைவர் முகம் வாடினால் என் கணிப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு என் எண் தெரியாது. வாய் திறந்து அவரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய தட்டைப் பார்த்து நான் அளவீட்டைப் படித்துவிட்டேன். படித்ததற்கு ஏற்ப என் யுரேனியத்தின் சுழற்சியைக் குறைத்துவிட்டேன்.

அந்தப் பழைய கட்டுரையின் அடிக்குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது வேறு அணுக்கருவைப் பற்றியது. அன்றே எனக்குத் தெரியும்.

ஜூலை 22, திங்கள்

காலையில் முதல் ஆளாகப் போய் அருளப்பன் சார் அறைக்கு வெளியே நின்றேன்.

"சார், ஐந்தை எழுத முடியாது. எட்டைத்தான் எழுதணும்."

"என்னாச்சு?"

சொன்னேன். தோசை, பெருமூச்சு, கூரை எல்லாம். அவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ல டேட்டா லீக் ஆகி எத்தனையோ பாத்திருக்கேன். சாம்பார் வழியா லீக் ஆனதை இப்பதான் கேக்கறேன்."

"அளவீடு தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்த அச்சு இருக்கு சார். ஜூன் பதினாலு, நாலேகால் மணி. அதுக்கப்புறம் நான் செஞ்ச எதுவும் சுத்தம் இல்லை."

சிரிப்பு நின்றது.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். உன் வீட்டுக்காரர் முகத்தை நீ சரியாவே படிச்சிருந்தா? எட்டு நிஜமாவே தப்பா இருந்தா? அஞ்சு போட்டா தப்பினாலும் கொஞ்சமாத்தான் தப்பும். எட்டு தப்பினா, அந்த ஹால்ல எல்லாரும் பாக்கறப்பதான் தப்பும். ஆறு வருஷ ப்ரோகிராம் அலமாரிக்குள்ள போயிரும். நான் ரிட்டையர் ஆனப்புறம் அதை வெளிய எடுக்க ஆளும் இருக்காது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும்?"

"அஞ்சு ஜெயிச்சா, அது யாரோட அஞ்சு சார்? என்னோடது இல்லை. அந்த நிரலோடதும் இல்லை."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போய் எழுது" என்றார். வாசலைத் தாண்டும்போது, "ரொம்பத் திமிரும்மா உனக்கு" என்றார்.

அதைத் திட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

உறை ஒட்டும் வரை தனியாகச் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். அவர் வருவதற்கு முன்பே முடித்துக்கொண்டு, அவர் சாப்பிடும்போது மாடியில் துணி மடிப்பது. காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அதுவே எனக்கு அவர் முகம் என்ன சொல்லிற்று என்பதை அவருக்குச் சொன்னதாகிவிடும்.

ஜூலை 24, புதன்

மாடிக்கே வந்து நின்றார், கையில் காபியோடு.

"பூங்கோதை, என் மேல ஏதாவது கோவமா?"

"இல்லைங்க."

"பேரன்ட்ஸ் மீட்டிங்ல நான் உளறினதுக்கா?"

"இல்லைன்னு சொல்றேன்ல."

"அப்ப ஏன் திரும்பி நின்னே பேசற?"

நான் துணிக்கொடியைப் பார்த்தபடியே காபியை வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காபி நன்றாக இருந்தது. அவர் போடும் காபி எப்போதுமே என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஜூலை 26, வெள்ளி

ஒட்டினேன்.

உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாளில் எட்டு சதவீதம், காமா கதிர்களின் முழு வரைகோடு, ஜூன் 14 அச்சின் நகல். இரண்டாம் தாளுக்கு இணைப்பு என்று தலைப்பிட்டேன். அளவீடு நடந்துகொண்டிருந்தபோது நான் செய்த திருத்தங்களும் அவற்றின் காரணங்களும்:

ஜூலை 10. சுழற்சி குறைக்கப்பட்டது. பௌதீகக் காரணம்: இல்லை. உண்மைக் காரணம்: முந்தைய நாள் பரிசோதனைக் குழுத் தலைவர் ஒரு தோசையோடு எழுந்தது.

ஜூலை 16. சுழற்சி மேலும் குறைக்கப்பட்டது. பௌதீகக் காரணம்: இல்லை. உண்மைக் காரணம்: முந்தைய நாள் மேற்படியார் கூரையைப் பார்த்தது.

மேற்கண்ட இரு திருத்தங்களும் கைவிடப்பட்டன. முன்கணிப்பு: எட்டு.

உறையின் மடிப்பின் மீது கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையெழுத்தை வருகைப் பதிவேட்டிலும் விடுப்பு விண்ணப்பத்திலும் ஆயிரக்கணக்கான முறை போட்டிருக்கிறேன். இன்றுதான் அதன் கடைசிச் சுழியை மெதுவாகப் போட்டேன்.

வசந்தகுமாரி மேடம் பூட்டிவிட்டுச் சாவியை வளையத்தில் கோத்தார். "கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றார். ஏசி என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அவர்கள் இன்னும் தரவைப் பகுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாவற்றையும் கழுவி வெயிலில் வைத்தேன். மேல் பரணையும் சுத்தம் செய்தேன். பீரோவில் புடவைகளை நிறவாரியாக அடுக்கினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மிளகாய்த்தூளில் உப்பு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கருத்தரங்கு அறையில் ஐம்பது பேர் இருப்பார்கள். வடிவமைப்புக் குழுவிலிருந்து நான்கு பொறியாளர்கள் முன்வரிசையில். பின்பக்க மேசையில் வடையும் காபியும். நான் அரக்கு நிறக் கைத்தறி கட்டிக்கொண்டு போனேன்; தோற்றாலும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று.

வசந்தகுமாரி மேடம் உறையைக் கொண்டுவந்தார். அருளப்பன் சார் கத்தரியால் ஓரத்தை வெட்டினார். என் கையெழுத்து கிழியாமல் வெட்டினார், கவனித்தேன். எண்ணைப் படித்துப் பலகையில் எழுதினார்: 8. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார். இருவரும் பலகையையே பார்த்தார்கள்.

இரண்டாம் தாளைப் படிக்க மாட்டார், கோப்பில் சேர்ப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மேலோட்டமாகப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், மைக்கை வாய்க்கு அருகில் இழுத்தார்.

"இணைப்புன்னு ஒண்ணு இருக்கு. வழக்கத்துல இல்லாதது. ஆனா உறைக்குள்ள இருக்கறதை எல்லாம் படிக்கணும்னு விதி."

தோசை வந்தபோது ஒரே சிரிப்பு. "மேற்படியார் கூரையைப் பார்த்தது" என்றபோது வசந்தகுமாரி மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் காது இரண்டும் எரிந்தன. ஆனால் தலையைக் குனியவில்லை. அது என் தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அடுத்து பரிசோதனைக் குழு பேச வேண்டும். திருமாறன் எழுந்து போனார். படத்தைத் திரையில் போடவில்லை. கொஞ்ச நேரம் கையில் இருந்த தாள்களை அடுக்கினார்.

"முதல்ல அந்த தோசை விஷயத்துக்கு நான் பதில் சொல்லணும்."

மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"ஜூலை ஒன்பதாம் தேதிதான் முதல் தடவையா முழுக் கணக்கும் போட்டுப் பாத்தேன். பழைய டேபிளைவிட அதிகமா வந்துச்சு. ரொம்ப அதிகம். அந்த டேபிள் தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன். சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற பேக்கிரவுண்ட் கதிரைச் சரியாக் கழிக்கலையோன்னு சந்தேகம். பாக்கற சுவரையெல்லாம், கூரையெல்லாம் பாத்துட்டே இருந்தேன். மூணு வாரம் என் தப்பைத் தேடினேன். இன்னும் கொஞ்சம் கழிச்சிருந்தா டேபிளோட அழகாப் பொருந்தியிருக்கும். கழிக்கக் காரணம் கெடைக்கலை. அதனால கழிக்கலை."

அதற்கப்புறம்தான் படத்தைப் போட்டார்.

ஏழு புள்ளி ஆறு. பிழை ஒரு சதவீதம், கூடவோ குறையவோ.

அறையில் யார் முதலில் கை தட்டினார்கள் என்று தெரியவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் எட்டு அவருடைய பிழைக்கோட்டுக்குள் நன்றாக உட்கார்ந்திருந்தது. என் ஐந்து அந்தப் பக்கமே வந்திருக்காது.

குறைந்த ஆற்றல் பகுதியில் ஓரிடத்தில் அவருடைய அளவீடு ஒரு சிறு மேடு காட்டுகிறது. என் வரைகோட்டில் அது இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன். அடுத்த ஆறு மாத வேலை அதுதான்.

முன்வரிசைப் பொறியாளர் ஒருவர் எழுந்தார். "அப்ப எஃகுக்கு இந்த எண்ணையே எடுத்துக்கலாமா? கூலிங் பாதையை மாத்தி வரையணும், அதனால கேக்கறேன்."

அருளப்பன் சார் என்னைப் பார்த்தார். "அந்த ப்ரோகிராமோட ஓனர் அங்க உக்காந்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க."

"எடுத்துக்கலாம்" என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். மதி தட்டையும் கரண்டியையும் சடங்குபோல் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

"கோர்ட் கலைஞ்சது. இனிமே என்ன வேணா பேசிக்கோங்க."

இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். அவர் அந்தச் சிறு மேட்டைப் பற்றி, நான் அவர் சுவர்க் கதிரைக் கழித்த விதத்தைப் பற்றி. மதி அலமாரியைத் திறந்து தட்டை மறுபடி வெளியே எடுத்தாள்.

பிறகு அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் சொன்னார்:

"மொட்டை மாடியில நீ திரும்பி நின்னப்ப நான் என்னென்னவோ நெனச்சேன், தெரியுமா? அவ கணக்கு பழைய டேபிளோட பொருந்திருச்சு, என் அளவீடு தப்புன்னு தெரிஞ்சு போச்சு, அதை மறைக்கத்தான் முகத்தைக் காட்டலைன்னு நெனச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே இன்னொரு ரெண்டு சதவீதம் கழிச்சிரலாம்னு உக்காந்தேன்."

"கழிச்சீங்களா?"

"எழுதிப் பாத்தேன். அடிச்சிட்டேன்."

அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவருடைய கையெழுத்தில் ஒரு வரி, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. நல்ல அழுத்தமான கோடு, தாளின் பின்பக்கத்தில் தடம் தெரிகிற அளவுக்கு. நீலக் கோப்பில், என் ஜூன் 14 அச்சுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துவிட்டேன். கோப்பின் மேல் இதுவரை பெயர் எழுதவில்லை. இன்று எழுதினேன். என் பெயர், தலைப்பெழுத்தோடு.

அவர் போட்ட காபி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன்.

"இதைக் கண்டுபிடிக்க இருபது வருஷமா?" என்றார்.

"அளந்து பாக்காம சொல்ற பழக்கம் இல்லைங்க."

ஆகஸ்ட் 26, திங்கள்

அடுத்தது புளூட்டோனியம் 239. அதே நிரல், அதே சுழற்சி விதி, ஒரு எழுத்தும் மாற்றாமல். பரிசோதனைக் குழுவுக்கு அடுத்த திங்கள் கற்றை நேரம்.

"இந்தத் தடவை மொதல்லயே ஒட்டிடு, தாயே" என்றார் திருமாறன். "நான் என் வீட்டுல நிம்மதியாப் பெருமூச்சு விடணும்."

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஒட்டிக் கொடுத்துவிட்டேன். வசந்தகுமாரி மேடம் இம்முறை என் கையைத் தொட்டுப் பார்த்தார். "சூடாத்தான் இருக்கு" என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

அளவீடு தொடங்கியது. மதி மூன்று தோசை. பரிசோதனைக் குழு இரண்டரைத் தோசையோடு எழுந்துவிட்டது. மீதி அரைத் தோசையை நான் சாப்பிட்டேன். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. அவ்வளவுதான்.